ஏழாவது நிமிடம்

ஏழாவது நிமிடத்தில் இயற்பியல் வாத்தியார் வீடியோவை நிறுத்தினார்.

பின்னால் தள்ளி, மறுபடி கேட்டார்.

கரும்பலகை முன் நின்ற பேராசிரியர் அதையேதான் சொன்னார். எலக்ட்ரானின் இடத்தையும் வேகத்தையும் சேர்த்து அறிய முடியாதது, பார்க்கப் போய் நாம் அதை இடித்துவிடுவதால் அல்ல. யாருமே பார்க்காவிட்டாலும் அதன் இடமும் வேகமும் ஒருசேரத் துல்லியமாக இருப்பதில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை. காபி ஆறி ஏடு கட்டியிருந்தது.

குவாண்டம் இயக்கவியலுக்கு இலவச வீடியோ வகுப்பு ஏதாவது இருக்கிறதா என்று மூன்றாமாண்டு ஜெனிலா கேட்டிருந்தாள். தேடித் தருகிறேன் என்று சொன்னவர் இவர்தான். கொடுக்குமுன் ஒருமுறை பார்த்துவிடலாமே என்று உட்கார்ந்தார். வந்தது வினை.

இருபத்திரண்டு வருடமாக இந்தப் பாடத்துக்கு ஒரு ரப்பர் பந்து கொண்டுபோவார். கைக்குட்டையால் கண்ணைக் கட்டிக்கொண்டு மேஜைமேல் துழாவுவார். கை பட்டதும் பந்து உருண்டு ஓடும்.

"தொட்டாத்தான் தெரியும். தொட்டா நகந்துரும்" என்பார்.

வகுப்பே சிரிக்கும். பஸ் ஸ்டாண்டில் பார்க்கிற பழைய மாணவர்கள்கூட முதலில் பந்தைத்தான் விசாரிப்பார்கள். கல்லூரியில் அவருக்கென்று ஒரு பேர் இருந்தால், அது அந்தப் பந்தால் வந்தது.

நாளைக்கு அந்தப் பாடம்.

இன்னும் மூன்று வீடியோ தேடினார். ஒருத்தராவது தன் பக்கம் பேசமாட்டாரா என்றிருந்தது.

கடைசி வீடியோவில் ஒருவர் பேசினார். மேஜைமேல் ரப்பர் பந்து. கண்ணில் கைக்குட்டை.

"இது எங்க சார் சொல்லிக்குடுத்தது" என்றார், அவருடைய பழைய மாணவர் அருள்தாசன்.

நாற்பதாயிரம் பேர் பார்த்திருந்தார்கள்.

அவமானமாக இருந்தது. ஜெனிலாவுக்கு முதல் வீடியோவை அனுப்பாமல் விட்டால் வகுப்பில் யாருக்கும் தெரியப்போவதில்லை. நாளைக்கும் சிரிப்பார்கள்.

கொஞ்ச நேரம் போனைக் கையில் வைத்துக்கொண்டே இருந்தார்.

அனுப்பினார். 'ஏழாவது நிமிஷத்த நல்லா கவனிம்மா' என்று கூடவே எழுதினார்.

திங்கட்கிழமை பந்தை மேஜைமேல் வைத்தார். சீனியர்கள் சொல்லியிருப்பார்கள் போல. எல்லாரும் சிரிக்கத் தயாராக இருந்தார்கள்.

கைக்குட்டையை அவர் எடுக்கவில்லை.

"இருபத்திரண்டு வருஷமா இத வச்சுத் தப்பா சொல்லிக்குடுத்துட்டேன்."

வழக்கம்போல எல்லாரும் குனிந்து அதையும் நோட்டில் எழுதிக்கொண்டார்கள்.

ஜெனிலா மட்டும் பேனாவை மூடி வைத்துவிட்டு அவரைப் பார்த்தாள்.