மைனாவின் ஏழு நாள் மௌனம்

எருமை தினமும் மேற்குக் குளத்தில் இறங்கிப் புரண்டதில் தவளையின் தலைப்பிரட்டைகள் நசுங்கின. "அண்ணே, கிழக்குக் குளத்துக்குப் போங்களேன்!" என்று தவளை தொண்டை கிழியக் கத்தியும் எருமை காதை ஆட்டியதோடு சரி.

தவளை மைனாவிடம் முறையிட்டது. மைனா எருமையின் முதுகில் ஏறி உண்ணி பொறுக்கியது. ஏழு நாள் குளத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை. தவளை நாட்களை எண்ணியபடி எட்டி எட்டிப் பார்த்தது.

எட்டாம் நாள் மைனா எருமையின் காதோரம், "கிழக்குச் சேறுதான் உடம்புக்குக் குளிர்ச்சின்னு நீங்க அன்னைக்கே சொன்னீங்களே!" என்றது.

"நான் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று எருமை கிழக்கே நடந்தது.

தவளை நன்றி சொல்லப் போனபோது, மைனாவின் முன்னால் கிழக்குக் குளத்துத் தவளை அழுதுகொண்டு நின்றது. "கவலைப்படாதே தங்கச்சி" என்ற மைனா, எருமையின் முதுகுக்குப் பறந்துபோய், பேசாமல் உண்ணி பொறுக்கத் தொடங்கியது.

மேற்குத் தவளை மறுபடியும் எண்ண ஆரம்பித்தது: ஒன்று.