களவு போன சூடு

"சூட்டைத் திருடிட்டான் பாய்! ஒரு மாசமா என் தண்ணியில இருக்கிற சூட்டைத் திருடி, அவன் ஜம்முனு குளிக்கிறான்!"

மார்கழிக் காலை ஏழு மணிக்குக் கோதண்டபாணி போட்ட சத்தத்தில், சத்துவாச்சாரியின் அந்தத் தெரு முழுக்க ஜன்னலுக்கு வந்துவிட்டது. நகை போனது, சைக்கிள் போனது என்று கேட்டிருக்கிறோம். சூடு போனதை யார் கேட்டார்கள்?

தோல் மண்டி வைத்திருக்கிற வீட்டுக்காரர் சர்தார் பாஷா ஸ்கூட்டருக்கு ஸ்டாண்டு போட்டார். நடுவில் ஒரே சுவர் வைத்து ஒட்டிக் கட்டிய அவருடைய இரண்டு வீடுகளில் ஒன்றில் கோதண்டபாணி. தோல் பதனிடுகிற ஷாப்பில் முப்பது வருஷம் ஈரத்தில் நின்று முட்டி தேய்ந்தவர். இன்னொன்றில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் சம்பத், மனைவி பூரணி, இருபது நாள் குழந்தை. இரண்டு வீட்டுக்கும் பொதுவாகத் தரைக்குள் ஒரு சிமென்ட் தொட்டி.

பாஷா நல்ல மனுஷர்தான், சுவரைத் தொடாதவரை. காலண்டர் மாட்ட ஆணி அடித்த குற்றத்துக்கு, முன்பிருந்த குடித்தனத்தை ஒரே வாரத்தில் காலி செய்ய வைத்தவர். இன்று யார் வீட்டுச் சாமான் தெருவுக்கு வரும் என்று பார்க்கத்தான் இத்தனை ஜன்னல். பூரணி குழந்தையை இறுக்கிக்கொண்டு வாசற்படியில் நின்றாள்.

"இன்னா சம்பத், சூட்டை எப்படிய்யா திருடுவே?"

"திருட்டு இல்ல பாய், டெக்னிக்கு. வந்து பாருங்க."

கொஞ்சமும் அசராமல் கொல்லைப்புறம் அழைத்துப் போனான். பழைய ஃப்ரிட்ஜின் கம்ப்ரஸர் உறுமிக்கொண்டிருந்தது. அதிலிருந்து ஒரு செம்புக் குழாய் மூடியின் சந்து வழியாகத் தொட்டிக்குள் இறங்க, இன்னொன்று ஒரு டிரம்மைச் சுற்றியிருந்தது.

"ஃப்ரிட்ஜு உள்ளே இருக்கிற சூட்டை இழுத்துப் பின்னாடி விடுதில்ல? அதே கதைதான். இது பூமிக்குள்ள இருக்கிற தண்ணியிலேர்ந்து சூட்டை இழுத்து டிரம்முல விடுது. வெறகு வேணாம், புகை வேணாம்."

பாஷா டிரம்மில் விரலை விட்டார். பதமான வெந்நீர்.

"இப்ப என் வாளியில விட்டுப் பாருங்க," என்றார் கோதண்டபாணி.

விட்டவர், "யா அல்லா!" என்று கையை உதறினார்.

"பாத்தீங்களா? அவனுக்கு வென்னீரு, எனக்கு வெறைக்கிற தண்ணி! அந்த மிஷினைப் புடுங்கி எறியச் சொல்லுங்க. இல்ல, அவனைக் காலி பண்ணச் சொல்லுங்க!"

"யோவ் பெருசு, பூமி இன்னா உன் பேர்ல பட்டாவா?"

"யாரைடா பெருசுங்கறே?"

பாஷா நடுவில் புகுந்தார். தோலைத் தரம் பிரிக்கிற முகத்தோடு டிரம்மையும் வாளியையும் மாறி மாறிப் பார்த்தார்.

"தொட்டி பொது. அப்ப அதுல எடுத்த சூடும் பொது. டிரம்மை நடுச்சுவத்துப் பக்கம் தள்ளு. சுவத்துல ஓட்டை போட்டு, ரெண்டு பாத்ரூமுக்கும் கனெக்‌ஷன் குடு."

சம்பத் பின்வாங்கினான். "சுவத்துலயா? வேணாம் பாய். உங்க சுவரு..."

"எனக்கும் வேணாம்," கோதண்டபாணி முகத்தைத் திருப்பிக்கொண்டார். "திருட்டு வென்னீர்ல நான் குளிக்கமாட்டேன்."

"என் சுவரு, நான் சொல்றேன்! இன்னிக்கே ஓட்டை போடணும். ரெண்டு பேரும் அதே வென்னீர்லதான் குளிக்கணும். இல்லன்னா ரெண்டு வீடும் காலி!"

ஸ்கூட்டர் கிளம்பிப் போனது. சாமான் எதுவும் தெருவுக்கு வராத வருத்தத்தில் ஜன்னல்கள் ஒவ்வொன்றாக மூடின.

கோதண்டபாணி கொல்லைக் கதவைத் தாழிட்டுவிட்டு மெதுவாக நடந்து வந்தார். குரல் இறங்கியிருந்தது.

"கொஞ்சம் ஜாஸ்தியாத் திட்டிட்டேனாப்பா?"

"திட்டு கரெக்டா இருந்துச்சு மாமா. நேராக் கேட்டிருந்தா பாய் சுவத்துல ஒரு ஆணிகூட அடிக்க விட்டிருக்கமாட்டாரு," என்றான் சம்பத், உளியையும் சுத்தியலையும் அவரிடம் நீட்டியபடி. "ஐஸ்தான் ஜாஸ்தி. வாளியில ஒரு துண்டு போட்டு எடுத்துடுங்கன்னா, அரைக் கட்டியைத் தொட்டியிலேயே எறக்கிட்டீங்க. பாய் மட்டும் மூடியைத் தொறந்திருந்தா, அது இன்னும் மிதக்கிறதைப் பாத்திருப்பாரு!"