சங்கு ஊதாத வரை

தெற்கே வானம் கறுத்துக்கொண்டே வந்தது. காலையில் கடலுக்குப் போன கருப்பையனின் கட்டுமரம் இன்னும் கரைக்கு வரவில்லை. அவன் மனைவி ராசாத்தி மறுபடியும் மண்டபத்தூர் கொம்யூன் பஞ்சாயத்து ஆபீசுக்கு ஓடினாள்.

"அண்ணே, புயல் பொட்டி ஏதாச்சும் சொல்லுச்சா?"

"இல்ல தங்கச்சி," என்றார் காவலாளி தியாகராசன். "புயல் வந்தா செயற்கைக்கோள்லேருந்து மாடி ஆண்டெனாவுக்குச் சேதி வரும். பொட்டியில சங்கு தானா ஊதும்."

"ஆண்டெனா ரிப்பேரா இருந்தா? செத்த ஏறிப் பாருங்களேன்."

"அதுகிட்டயே யாரும் போகக்கூடாதுன்னு சர்க்கார் உத்தரவு. கை வச்சா என் வேலை போயிடும். சங்கு ஊதல, அப்ப புயல் இல்ல. கவலப்படாமப் போ."

அவளுக்கு மூச்சு வந்தது. தூறல் விழ, அவர் உள்ளே போனார். ராசாத்தி கூடையோடு பின்பக்க ஏணியில் சத்தமில்லாமல் மாடிக்கு ஏறினாள்.

வானத்தைப் பார்த்துக் கிடந்த அந்தப் பெரிய இரும்புத் தாம்பாளம் நிறைய, நாய் எட்டாத இடமென்று, காலையில் அவள் உப்பு மீனைக் காயப்போட்டிருந்தாள். நனையுமுன் அவசரமாக வாரிக் கூடையில் போட்டாள்.

கடைசி மீனையும் எடுத்தபோது கீழே சங்கு அலறத் தொடங்கியது.