ஊர் என்ன சொல்லும்?

காவா பானக் கிண்ணத்தின் முன் தலைவர் ஈசாக்கே, அவர் வலப்புறம் போதகர் அபெனிசா, இடப்புறம் படகுக்காரர் தோமாசி, எதிரே கடைக்கார லூசியானா, வாசலோரம் காகிதமும் பேனாவுமாக மகரேத்தா என்று உட்கார்ந்திருந்தார்கள்.

மகரேத்தாவின் மகள் வசிதியைத் தலைநகர் சுவாவின் பெண்கள் ரக்பி அணிக்கு எடுத்திருந்தார்கள். ஊரின் சம்மதக் கடிதம் இன்றைய கப்பலில் போனால்தான் இடம். கடலில் நின்ற கப்பல் இரண்டாம் முறை ஊதியது.

"எனக்கு ஆட்சேபணை இல்லை," என்றார் போதகர். "ஆனா ஊர் என்ன சொல்லும்?"

"அதேதான் ஐயா. பந்து வாங்கிக் கொடுத்ததே நான்தான். ஊர் வாயை மூட முடியுமா?" என்றாள் லூசியானா.

"நானே கப்பல்ல ஏத்திவிடுவேன். அப்புறம் ஊர் என்னையில்ல ஏசும்," என்றார் தோமாசி.

"எனக்கும் ஆசைதான். தலைவனா இருந்துக்கிட்டு ஊரைப் பகைச்சுக்க முடியுமா?" என்றார் ஈசாக்கே.

"அப்ப ஊரைக் கூப்பிட்டே கேட்டுருவோம் தலைவரே," என்றாள் மகரேத்தா.

"சரி, வீட்டுக்கு ஒருத்தரை வரச்சொல்லு."

"வந்தாச்சு. தீவுல இருக்கிறதே அஞ்சு வீடு. அஞ்சு பேரும் இங்கதான் உக்காந்திருக்கோம்."

முதலில் சிரித்தது லூசியானா. தலைவர் கிண்ணத்தைக் குடித்து முடிக்க, சம்மதத்தின் அடையாளமாக எல்லாரும் வழக்கப்படி மும்முறை கைதட்டினார்கள்.

'ஊர் முழுச் சம்மதம்' என்று எழுதி மகரேத்தா உறையை ஒட்டினாள். வெளியே காத்திருந்த வசிதி அதைப் பந்துபோல் அக்குளில் இடுக்கிக்கொண்டு படகை நோக்கிப் பறந்தாள்.