மச்சானின் பின்விளக்கு

என் மச்சானை உயிரோடு கடைசியாகப் பார்த்தபோது, அவர் பழைய மோட்டார் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வாசலில் நின்றார். வண்டிக்கும் அவருக்கும் கிட்டத்தட்ட ஒரே வயது.

“மாப்ளே, பின்விளக்கு எரியலை.”

“போன வாரம்தானே சரி பண்ணிக் கொடுத்தேன்?”

“அது முன்விளக்கு. ரெண்டும் பேசி வச்சுக்கிட்டு மாத்தி மாத்திப் படுக்குது. நான் என்ன பண்ண?”

வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்த என் மகள் மாமாவுக்கு முகம் கொடுக்காமல் செருப்பை மாட்டினாள்.

மச்சான் என் மனைவியின் அண்ணன். அவள் இறந்துபோன பிறகு, சுவரைப் பார்த்துப் படுத்தவன்தான் நான், எழுந்திருக்கவில்லை. மகள் வைக்கும் சாப்பாடு தட்டிலேயே காய்ந்து போகும். குளிக்கச் சொல்லிக் கெஞ்சுவாள். கடைசியில் அவளும் அழுதுவிட்டு வேலைக்குப் போவாள். வந்தவர்கள் எல்லாரும் ஆறுதல் சொன்னார்கள். கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன்.

மச்சான் மட்டும் ஆறுதல் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் வண்டியோடு நேராகக் கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டார்.

“ஹெட்லைட் போச்சு. எழுந்து பாரு.”

“மெக்கானிக்கிட்ட போங்க மச்சான். என்னை விட்டுடுங்க.”

“அவன் கடையில ஒரே கூட்டம். உங்கிட்ட யாராவது வரிசையில நிக்கிறாங்களா?”

போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டேன்.

“இருட்டுல நான் எங்கேயாவது முட்டிக்கிட்டு மேல போய்ச் சேர்ந்தேன்னா, உன் பொண்டாட்டிகிட்ட முதல்ல உன்னைப் பத்தித்தான் சொல்லுவேன்.”

எழுந்தேன். அவளிடம் எனக்கு எப்போதுமே பயம் உண்டு.

இந்த வேலையை நான் யாரிடமும் படித்ததில்லை. வீட்டு ரேடியோவைப் பிரித்துப் போட்டு, திரும்ப மாட்டத் தெரியாமல் அவளிடம் திட்டு வாங்கிக் கற்றது. பேட்டரியிலிருந்து கிளம்புகிற மின்சாரம் ஸ்விட்சைத் தாண்டி, பல்பைத் தொட்டு, எர்த் வழியாக, அதாவது வண்டியின் இரும்புச் சட்டம் வழியாக, திரும்பி வரவேண்டும். எந்த இடத்தில் நின்றுபோகிறதென்று அதன் பின்னாலேயே போகவேண்டும். அவ்வளவுதான்.

பேட்டரி நன்றாக இருந்தது. ஸ்விட்சிலும் குறையில்லை. பல்பைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடியில் உள்ள ஈயப் பொட்டின் மேல் கண்ணுக்கே தெரியாத ஒரு பிசின் படலம். நகத்தால் சுரண்டி மாட்டினேன். எரிந்தது.

நிமிர்ந்தபோது உச்சி வெயில். கையெல்லாம் கரி. குளிக்காமல் முடியாது. குளித்ததும் பசித்தது.

அடுத்த வாரமும் வண்டி வந்தது. எர்த் வயருக்கும் இரும்புக்கும் நடுவே பெயின்ட். அதற்கடுத்த வாரம் வயரின் மேலுறையில் கீறல்கூட இல்லை. உள்ளே கம்பி அறுந்திருந்தது. ஒவ்வொரு தடவையும் கோளாறு முந்தினதைவிடக் கெட்டிக்காரத்தனமாக ஒளிந்திருந்தது. மச்சான் ஸ்டூலில் உட்கார்ந்து, “இன்னுமா கண்டுபிடிக்கலை? நல்ல ஆளுகிட்ட கொடுத்தேன் பாரு!” என்று கேலி பேசிக்கொண்டே இருப்பார்.

மகளுக்குத்தான் பொறுக்கவில்லை.

“அப்பா, மாமா உங்களை ஓசி மெக்கானிக்கா வச்சிருக்கார். நானே பார்த்தேன், நேத்து சாயங்காலம் மெக்கானிக் கடையில உட்கார்ந்து சிரிச்சுப் பேசிக்கிட்டிருந்தார். கடையில ஈ, காக்கா இல்லை. அங்கேயே காட்டியிருக்கலாம்ல?”

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனாலும் அன்று பின்விளக்கு எரியவில்லையென்று அவர் வாசலில் வந்து நின்றபோது வண்டியை வாங்கி உள்ளே விட்டேன்.

“அவசரமில்லை மாப்ளே. மெதுவாப் பாரு” என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நடந்தார்.

அந்த வாரமே தூக்கத்தில் போய்விட்டார்.

காரியங்கள் முடிந்ததும், வண்டியை நானே வைத்துக்கொள்ளும்படி அவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். அவருக்குக் கடைசியாகச் செய்யவேண்டிய வேலை என்று பின்விளக்கை எடுத்தேன். பல்பு சரி. ஹோல்டர் சரி. எர்த் சரி. வயரை முழுக்கத் தடவிப் பார்த்தேன். விளக்கு எரியவில்லை. என்னால் ஆகவில்லை.

தோற்றுப் போய் அதே மெக்கானிக் கடைக்குத் தள்ளிக்கொண்டு போனேன். வண்டியைப் பார்த்ததும் அவன் எழுந்து நின்றுவிட்டான்.

“பெரியவர் வண்டியில்ல? நீங்கதான் அந்த மாப்பிள்ளையா?”

“ஆமா தம்பி. பின்விளக்கு எரியலை. எங்கே கோளாறுன்னே தெரியலை.”

“இந்த வண்டியில ஏது சார் கோளாறு? நானே மொத்த வயரையும் புதுசா மாத்திக் கொடுத்தேனே!”

எனக்குப் புரியவில்லை.

“வாராவாரம் வந்து உட்காருவார் சார். ‘போன தடவை மத்தியானத்துக்குள்ள கண்டுபிடிச்சுட்டான்ப்பா. சாயங்காலம் வரைக்கும் தாங்குற மாதிரி ஒண்ணு சொல்லிக் கொடு’ன்னு கேட்பார். பல்பு அடியில பூச, பேத்தியோட நகப்பூச்சைத் திருடிக்கிட்டு வந்தார்னா பாருங்க! எங்கிட்ட எல்லாரும் ரிப்பேர் பண்ணக் கத்துக்குவாங்க. கெடுக்கக் கத்துக்கிட்டவர் அவர் ஒருத்தர்தான்.”

ஹேண்டில்பாரைப் பிடித்துக்கொண்டு நின்றேன். காலையில் குளித்திருந்தேன். சாப்பிட்டிருந்தேன். அதெல்லாம் எப்படி வந்தது என்று அப்போதுதான் தெரிந்தது.

அவன் ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு குனிந்தான்.

“கடைசியாச் சொல்லிக் கொடுத்தது ஞாபகம் இருக்கு. ஒரே நிமிஷம் சார், எடுத்துடறேன்.”

“வேண்டாம்ப்பா” என்றேன். “எங்கேன்னும் சொல்லிடாதே.”

வண்டியைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு வந்து, மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

அது நடந்து பல வருஷங்கள் ஆகிவிட்டன. வேலையிலிருந்து திரும்பியதும் மகள் கேட்கிற முதல் கேள்வி, “மாமா இன்னிக்காவது மாட்டிக்கிட்டாரா?”

பின்விளக்கு இன்னும் எரியவில்லை.