ஆமை கேட்கும் கேள்விகள்

"அந்த ஆமையைக் கிளாஸை விட்டுத் தூக்கிடலாம் சார்."

டிசைனர் மேடம் சொன்னதும் வாத்தியார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். பதில் சொல்லப் பிடிக்காதபோது அவர் செய்கிற வேலை அது.

ஆன்லைனில் ஃப்ரிட்ஜ் மெக்கானிக் கோர்ஸ் நடத்துகிற கம்பெனி. படிக்க வருகிற ஒவ்வொருவருக்கும் தனியாக ஒரு பக்கம். மெதுவாகப் படிப்பவருக்குப் பாடம் மெதுவாக வரும். படம் பார்த்தால்தான் மண்டையில் ஏறும் என்பவருக்குப் படமாக வரும். யாருக்கும் பேர் கிடையாது, ஆளுக்கு ஒரு பொம்மைப் படம்தான்: ஆமை, கோப்பை என்று. கூச்சமில்லாமல் கேள்வி கேட்கட்டுமே என்றுதான். யாராவது டைப் பண்ண ஆரம்பித்தால் அவர் படத்துக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி துள்ளும்.

எல்லாமே டிசைனர் மேடத்தின் மூளையில் உதித்தவை. அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. இருக்காதா பின்னே?

"டெஸ்ட்ல முழு மார்க் வாங்கறான் சார் இந்த ஆமை. கிளாஸ்ல கேக்கறதெல்லாம் பச்சைப்பிள்ளை கேள்வி. 'ஃப்ரிட்ஜ்ல இருக்கற கேஸும் அடுப்பு கேஸும் ஒண்ணா சார்?'னு நேத்து கேக்கறான். ஒண்ணு காப்பி அடிக்கறான், இல்லே நம்மளை வச்சு விளையாடறான்."

"கேக்கட்டுமேம்மா. பதில் சொல்லத்தானே நான் இருக்கேன்."

"மத்தவங்க நேரம் வீணாகுது சார். எங்க அண்ணியும் இதே கிளாஸ்லதான் படிக்கறாங்க."

அண்ணி ஒரு ஃப்ரிட்ஜ் சர்வீஸ் கம்பெனியில் போன் எடுக்கிறவள். இந்த மாதக் கடைசியோடு அந்த வேலை இல்லை. கோர்ஸை முடித்தால் மெக்கானிக்காக எடுத்துக்கொள்கிறோம் என்று சொல்லியிருந்தார்கள். இதை விட்டால் அவளுக்கு வேறு கதி இல்லை.

அவளைப் பிடித்து இழுத்து வந்து சேர்த்து, மஞ்சள் கோப்பைப் படத்தைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்ததே டிசைனர்தான். முதல் வாரம் "எனக்கு ஏறாதும்மா, விட்டுடறேன்" என்று புலம்பிய அண்ணி, அடுத்த வாரத்திலிருந்து ஒரு வகுப்பையும் விடவில்லை. "என் பக்கம் அப்படி அண்ணி, ஆளுக்குத் தகுந்த மாதிரி வளையும்" என்று டிசைனர் வீடு முழுக்கத் தம்பட்டம் அடித்துக்கொண்டாள்.

இன்று காலைகூட, பால் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்த அண்ணி அப்படியே நின்றுவிட்டாள்.

"ஏம்மா, இந்தக் கதவைத் திறந்தே வச்சா ரூமெல்லாம் குளிராகாதா?"

"ஐயோ அண்ணி, இதைப் போய் கிளாஸ்ல கேட்டு வைக்காதீங்க. சிரிப்பாங்க."

அண்ணி அசட்டுச் சிரிப்போடு கதவைச் சாத்தினாள்.

வாத்தியார் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "தூக்கறதுன்னா தூக்கும்மா. ஆனா அதுக்கு முன்னாடி அந்த ஆள்கிட்ட ஒரு வார்த்தை பேசிடு."

அவள் தூக்கிவிட்டுத்தான் பேசினாள். போனில் ஒரு இளைஞனின் குரல்.

"உங்களைக் கிளாஸ்லேர்ந்து எடுத்துட்டோம். எல்லாம் தெரிஞ்சுக்கிட்டே எதுக்கு இப்படித் தெரியாத மாதிரி கேக்கறீங்க?"

"எனக்காகக் கேக்கலை மேடம்" என்றான் அவன்.

"பின்னே?"

"கிளாஸ்ல ஒருத்தர் இருக்காங்க. டைப் பண்ணுவாங்க, மூணு புள்ளி வரும். உடனே அழிச்சிடுவாங்க. சார் எந்த இடத்தைச் சொல்லும்போது அவங்க புள்ளி வருதோ, அந்த இடத்தை நான் கேட்டுடுவேன். அவ்வளவுதான் மேடம்."

"அதுல உங்களுக்கு என்ன?"

"நானும் இப்படி அழிச்சு அழிச்சே ரெண்டு கோர்ஸைப் பாதியில விட்டவன். அவங்களும் முதல் வாரம் பாதிப் பாதியில போயிட்டு இருந்தாங்க. நான் கேக்க ஆரம்பிச்சப்புறம்தான் கடைசி வரைக்கும் உக்கார்றாங்க. என்னை எடுத்தா எடுத்துக்குங்க மேடம். ஆனா வேற யாரையாவது கேக்கச் சொல்லுங்க."

"யாரு அவங்க?"

"பேர் தெரியாதே. நீங்கதான் யாருக்கும் பேர் வைக்கலையே. மஞ்சள் கோப்பை மேடம்."

டிசைனருக்குச் சுருக்கென்றது. அண்ணி எவ்வளவு நேரம் படித்தாள், எந்தப் படத்தை இரண்டாம் தடவை பார்த்தாள் என்று எல்லாம் அவளுடைய பக்கத்துக்குத் தெரியும். அழித்தது மட்டும் தெரியவில்லை. காலையில் தானே ஒரு கேள்வியை அழித்துவிட்டு வந்ததை நினைத்தபோது அவளுக்கு வெட்கமாக இருந்தது.

முதல் வேலையாக ஆமையைத் திரும்பச் சேர்த்தாள். பிறகு வகுப்புக்குள் போய் உட்கார்ந்தாள்.

பாடம் முடியும் நேரம். "சந்தேகம் இருந்தா கேளுங்க" என்றார் வாத்தியார்.

மஞ்சள் கோப்பைக்குப் பக்கத்தில் மூன்று புள்ளி துள்ளியது. மறைந்தது. மறுபடி துள்ளியது. மறுபடியும் மறைந்தது.

ஆமை வாயைத் திறப்பதற்குள் இவள் முந்திக்கொண்டாள். பொம்மைப் படம் எதுவும் போட்டுக்கொள்ளவில்லை. 'டிசைனர்' என்றே போட்டுக்கொண்டு, எல்லோரும் பார்க்கிற மாதிரி கேட்டாள்.

"சார், ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்தே வச்சா ரூமெல்லாம் குளிராகாதா?"

"அருமையான கேள்வி" என்று வாத்தியார் நிமிர்ந்து உட்கார்ந்தார். "குளிராகாது, சூடுதான் ஆகும். ஏன்னு சொல்றேன்…"

மஞ்சள் கோப்பைக்குப் பக்கத்தில் திரும்பவும் மூன்று புள்ளி. இந்தத் தடவை அது அழியவில்லை.

"சார், அது என் கேள்வி. காலையில வீட்டுல நான்தான் முதல்ல கேட்டேன்."