பத்தொன்பதாவது கிலோமீட்டர்

நீட்டிய பாட்டில் நீட்டியபடியே இருந்தது. மனைவி அதை ஏறெடுத்தும் பார்க்காமல், மூச்சிரைக்க அவரைக் கடந்து ஓடிப்போனாள்.

மருந்துக்கடைக்காரர் கையை மெல்ல இறக்கிக்கொண்டார். போகட்டும், இன்னும் இரண்டு சுற்று இருக்கிறது என்று தன்னைத்தானே தேற்றிக்கொண்டார்.

இரண்டு கிலோமீட்டர் நீச்சல், தொண்ணூறு கிலோமீட்டர் சைக்கிள், அதற்கப்புறம் ஏழு ஏழு கிலோமீட்டராக மூன்று சுற்று ஓட்டம். ஒவ்வொரு சுற்றிலும் அவள் இந்த மரத்தடியைத் தாண்டித்தான் போக வேண்டும். அதனால்தான் முன்கூட்டியே வந்து இடம் பிடித்திருந்தார்.

அவள் தன் அக்கா வீட்டுக்குப் போய் எட்டு மாதம் ஆகிறது. பெரிய சண்டை எதுவும் இல்லை. ஒருநாள் பயிற்சி முடித்து, உதடு வெளுத்து, சுவரைப் பிடித்துக்கொண்டு வந்தவள் ஒரு டம்ளர் தண்ணீர் கேட்டாள். பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே அவர் சொன்னார்: "போய் எடுத்துக் குடி. உன்னை யாரு ஓடச் சொன்னா?"

அவள் எடுத்துத்தான் குடித்தாள். டம்ளரைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். அந்த வாரமே பெட்டியைக் கட்டிவிட்டாள்.

அப்புறம் வீட்டில் ஒரு தட்டு, ஒரு டம்ளர். சாப்பாட்டுக்கு முன்னா, பின்னா என்று கடையில் நாள் முழுக்க ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு வந்தால், சாப்பிட்டாயா என்று அவரைக் கேட்க ஆளில்லை. வரும் திங்கட்கிழமை வக்கீல் முன்னால் இருவரும் விவாகரத்து மனுவில் கையெழுத்துப் போட வேண்டும். அதற்குள் அவர் கையால் ஒரு வாய் அவள் வாங்கிக் குடித்துவிட்டால் போதும், பேச ஒரு வழி பிறக்கும் என்று நம்பினார்.

பந்தயத்தைப் பற்றி அவள் அக்காதான் போனில் சொன்னாள். சைக்கிளில் போகும்போது மணிக்கு அறுபது கிராம் மாவுச்சத்து என்று சரியாகச் சாப்பிட்டுவிடுகிறாளாம். ஓட்டத்தின் கடைசியில்தான் தொல்லையாம். இனிப்பைக் கண்டாலே குமட்டலாம். வேர்வையில் உப்பெல்லாம் போய்க் கெண்டைக்கால் பிடித்துக்கொள்கிறதாம்.

மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்திருக்கும் பொடி எழுத்துக் காகிதத்தைக்கூட விடாமல் படிக்கிறவர் அவர். கல்யாணமான புதிதில் அவள் வைத்த பட்டப்பெயரே மில்லிகிராம். பதினைந்து நாள் சமையலறையில் தராசும் கையுமாக நின்று, அரை லிட்டருக்கு ஒரு கிராம் உப்பு, வழக்கத்தில் பாதி இனிப்பு, நாலு சொட்டு எலுமிச்சை என்று ஒரு கலவைக்கு வந்து சேர்ந்தார். ருசி பார்த்துச் சொல்லத்தான் யாருமில்லை.

பக்கத்தில் ஓர் இளம்பெண் குழந்தையோடு நின்றாள். ஓடி வந்த அப்பாவிடம் குழந்தை ஆரஞ்சுச் சுளையை நீட்டியது. அவன் அதன் கன்னத்தைத் தட்டிவிட்டு, வாங்காமலே ஓடினான். குழந்தையின் முகம் சுருங்கியது.

"அப்பா இன்னைக்கு வாங்க மாட்டாருடா. வீட்டுக்கு வந்து சாப்பிடுவாரு" என்று அவள் சமாதானம் சொன்னாள்.

இவர்களுக்கு வீடு என்று ஒன்று இருக்கிறது என்று நினைத்துக்கொண்டார் கடைக்காரர். அவள் அவரையும் சீண்டினாள்: பச்சைப்பிள்ளையைப் பிடித்த மாதிரி எவ்வளவு நேரம்தான் அந்தப் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு நிற்பார், கை வலிக்காதா என்று. அவர் சிரித்து வைத்தார்.

இரண்டாவது சுற்றில் மனைவி அவரைப் பார்த்துவிட்டாள். பாட்டிலையும் பார்த்தாள். தலையை இரண்டு முறை பலமாக ஆட்டி, சாலையின் அந்தப் பக்கத்து ஓரமாகவே ஒதுங்கி ஓடினாள்.

வேண்டாம் என்பதை இதற்குமேல் எப்படிச் சொல்வது? கிளம்பிவிடலாம் என்று நினைத்தார். போய் என்ன செய்ய? பூட்டைத் திறக்க வேண்டும், அவ்வளவுதானே. அங்கேயே நின்றார்.

ஒலிபெருக்கியில் அவளுடைய எண்ணைச் சொன்னார்கள். நாற்பது வயதைத் தாண்டிய பெண்களில் மூன்றாவதாக வருகிறாளாம், மெடல் ஏறக்குறைய உறுதியாம். பக்கத்தில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். யாரிடமாவது என் மனைவி என்று சொல்ல வாயெடுத்தார், சொல்லவில்லை.

மூன்றாவது சுற்றில் வெயில் உச்சிக்கு வந்திருந்தது. வலது காலை இழுத்து இழுத்து வந்தாள். நம்பிக்கை எதுவும் இல்லாமல்தான் கையை நீட்டினார்.

அவள் நடையாகி, பிறகு நின்றேவிட்டாள். பாட்டிலில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது. கடைப் பழக்கத்தில், 'கொஞ்சம் கொஞ்சமாக, ஓட்டத்தின் நடுவில்' என்று எழுதியிருந்தார். அதைப் படித்தவள் உதட்டோரம் சிரித்தாள். வாங்கினாள். ஒரே மூச்சில் கடைசிச் சொட்டு வரை குடித்தாள்.

"உப்பு?" என்றார்.

"சரியா இருக்கு, மில்லிகிராம்."

அவருக்குக் கண் கலங்கிவிட்டது. நிற்காதே, இன்னும் ரெண்டே கிலோமீட்டர்தான், ஓடு ஓடு என்று அவளை விரட்டினார். அவள் நகரவில்லை. மரத்தடி நிழலில், அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்து ஷூ கயிற்றை அவிழ்த்தாள்.

கழுத்தில் விசில் தொங்கிய நடுவர் சைக்கிளை ஓரமாகச் சாய்த்துவிட்டு வந்தார். அவள் எண்ணை வருத்தத்தோடு குறித்துக்கொண்டார்.

"வழியில நாங்க போட்டிருக்கிற தண்ணி மேஜையைத் தவிர வேற யார் கையால ஒரு வாய் வாங்கினாலும் போட்டியிலேர்ந்து நீக்கிடுவோம்னு காலையிலேயே சொன்னோமேம்மா. ரெண்டு சுத்தும் நீங்களே ஒதுங்கிப் போனீங்க, பாத்தேன். இப்ப மறந்துட்டீங்களா?"

"மறக்கல சார். தெரிஞ்சுதான் குடிச்சேன்."